கடவுள் கைவிட்டாரா என்று நோயாளி கேட்கும்போது: கென்னத் பார்கமென்ட்டின் ஆய்வுகள்

கேள்வி இது: "பக்தி இருந்தால் மனச்சோர்வு வராது என்கிறார்கள் சிலர். மதம்தான் ஆளைக் குற்ற உணர்ச்சியில் தள்ளுகிறது என்கிறார்கள் வேறு சிலர். இதை முறையாக ஆராய்ந்தவர்கள் உண்டா? கென்னத் பார்கமென்ட் என்ற உளவியல் பேராசிரியர் என்ன கண்டார்? ஆற்றுப்படுத்துநரும் குடும்பத்தாரும் அதை எப்படிப் பயன்படுத்துவது?"

பக்தி உண்டா இல்லையா என்று மட்டும் அளந்தால் கிடைக்கிற விடை ரொம்பச் சிறியது. 2003இல் டிமோதி ஸ்மித், மைக்கேல் மெக்கல்லோ, ஜஸ்டின் போல் ஆகியோர் 147 ஆய்வுகளை ஒன்றுசேர்த்தார்கள். அவற்றில் இருந்தவர்கள் 98,975 பேர். பக்தி கூடினால் மனச்சோர்வு குறைகிறது என்ற போக்கு தெரிந்தது, ஆனால் ஒட்டுறவுக் கெழு (தொடர்பின் வலுவைக் காட்டும் எண்; 0 என்றால் தொடர்பே இல்லை, 1 அல்லது −1 என்றால் முழுத் தொடர்பு) −0.096 மட்டுமே. இருபடியாக்கினால், மனச்சோர்வில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் பக்தியோடு சேர்ந்து வரும் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆனால் அதே தொகுப்பில், சமீபத்தில் பெரிய இக்கட்டைச் சந்தித்தவர்களிடம் இந்தத் தொடர்பு வலுத்திருந்தது. வீட்டில் எல்லாரும் நலமாக இருக்கிற நாளில் பக்தி செய்கிற வேலை வேறு, சாவு விழுந்த வீட்டில் அது செய்கிற வேலை வேறு. பார்கமென்ட்டின் ஆய்வெல்லாம் இந்த இடத்தைத்தான் சுற்றி வருகிறது.

அவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், பௌலிங் கிரீன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் உளவியல் பேராசிரியராக இருந்தவர். அவர் ஆய்வைத் தொடங்கிய காலத்தில் உளவியல் துறைக்கு மதத்தின் மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை. 1902இல் வில்லியம் ஜேம்ஸ் சமய அனுபவத்தை மரியாதையோடு எழுதியிருந்தார். ஆனால் 1927இல் ஃப்ராய்ட் அதை மாயை என்றார், 1980இல் ஆல்பர்ட் எல்லிஸ் தீவிர மதப்பற்றைப் பகுத்தறிவற்ற சிந்தனையோடும் மனக்கோளாறோடும் சேர்த்துப் பேசினார். 1967இல் கார்டன் ஆல்போர்ட்டும் மைக்கேல் ராஸும் ஒரு நல்ல பிரிவினையைக் கொண்டுவந்தார்கள்: மதத்தை வாழ்பவர் ஒருவர், மதத்தை ஏதோ ஒரு லாபத்துக்குப் பயன்படுத்துபவர் இன்னொருவர். பயனுள்ள பிரிவினைதான். ஆனால் அது ஆளின் பொதுவான மனப்பாங்கைத்தான் சொல்கிறது. மகனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன அன்று இரவு அந்த அம்மா என்ன நினைத்தார், என்ன செய்தார் என்பதை அது சொல்லாது.

பார்கமென்ட் அந்த இரவைத்தான் அளக்க முயன்றார். 1988இல் அவரும் சகாக்களும் மூன்று பாணிகளைப் பிரித்துக் காட்டினார்கள். முதலாவது: "கடவுள் எனக்கு மூளையும் கையும் காலும் கொடுத்துவிட்டார், இனி தீர்ப்பது என் வேலை." இரண்டாவது: "நான் ஒன்றும் செய்ய வேண்டாம், அவர் பார்த்துக்கொள்வார்." மூன்றாவது: "நானும் அவரும் சேர்ந்து பார்ப்போம்." எல்லாவற்றையும் கடவுளிடம் விட்டுவிட்டு உட்கார்ந்தவர்களிடம் தன்மேல் உள்ள நம்பிக்கையும் பிரச்சினை தீர்க்கும் திறனும் குறைவாக இருந்தன. சேர்ந்து செயல்படுகிறவர்களிடம் இவை கூடுதலாக இருந்தன. இதை வைத்து "விட்டுவிடுவது கெட்டது" என்று முடிவு கட்டக்கூடாது. அறுவை அரங்கின் கதவு மூடியபின் வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. அங்கே விட்டுவிடுவதுதான் மூச்சுவிட வைக்கும். அதே விட்டுவிடல், மார்பில் கட்டி தெரிந்து மூன்று மாதமாகியும் மருத்துவரிடம் போகாமல் இருக்கிற ஒருவரிடம் இருந்தால் உயிருக்கே ஆபத்து. நிலைமை நம் கையில் இருக்கிறதா இல்லையா என்று பார்த்த பிறகுதான் ஒரு பாணியை நல்லது கெட்டது என்று சொல்ல முடியும்.

இக்கட்டை மதத்தின் துணையோடு ஒருவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று அளக்க, 2000இல் அச்சில் வந்த அவருடைய முழு அளவுகோலின் பெயர் ஆர்-கோப் (RCOPE). 21 வகைச் சமாளிப்புகள், வகைக்கு ஐந்து கூற்றுகள், ஆக 105. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவரிடம் இதைக் கொடுக்க முடியாது. அதனால் 14 கூற்றுகள் கொண்ட குறுவடிவம் உருவானது. அதன் பின்னால் 1995 ஏப்ரல் 19 அன்று 168 பேரைக் கொன்ற ஒக்லஹோமா சிட்டி குண்டுவெடிப்பும் இருக்கிறது: அந்த நகரத்துத் தேவாலய உறுப்பினர்கள், கல்லூரி மாணவர்கள், மருத்துவமனையில் இருந்த முதியவர்கள் ஆகிய மூன்று கூட்டத்தாரின் விடைகளை வைத்து, முழு அளவுகோல் அச்சில் வருமுன்பே 1998இல், நல்வகை, அல்வகை என்ற இரு கோலங்களை அவரும் சகாக்களும் வெளியிட்டார்கள்.

அந்தப் பதினான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. முதல் ஏழும் நல்வகை. கடவுளோடு நெருக்கத்தைத் தேடினேன். அவருடைய அன்பையும் அரவணைப்பையும் நாடினேன். கோபத்தை விட அவர் உதவியைக் கேட்டேன். அவரோடு சேர்ந்து என் திட்டங்களைச் செயல்படுத்த முயன்றேன். இந்த நிலைமையில் அவர் என்னை எப்படிப் பலப்படுத்துகிறார் என்று பார்க்க முயன்றேன். என் பாவங்களுக்கு மன்னிப்புக் கேட்டேன். கவலையை மறக்க மதத்தில் மனத்தைச் செலுத்தினேன். அடுத்த ஏழும் அல்வகை. கடவுள் என்னைக் கைவிட்டாரோ என்று யோசித்தேன். என் பக்திக் குறைவுக்காகத் தண்டிக்கிறார் என்று உணர்ந்தேன். தண்டிக்கும்படி நான் என்ன செய்தேன் என்று யோசித்தேன். அவருக்கு என்மேல் அன்பு உண்டா என்று சந்தேகப்பட்டேன். என் சபை என்னைக் கைவிட்டதோ என்று யோசித்தேன். சாத்தான்தான் இதைச் செய்தான் என்று முடிவுக்கு வந்தேன். கடவுளுக்குச் சக்தி உண்டா என்று சந்தேகப்பட்டேன். ஒவ்வொன்றுக்கும் 'இல்லவே இல்லை' என்பதிலிருந்து 'மிக அதிகம்' வரை நான்கு படி. 1 முதல் 4 வரை எண் கொடுத்தால் ஒவ்வொரு பகுதிக்கும் 7இலிருந்து 28 வரை வரும்.

இதைப் பயன்படுத்துகிறவர்கள் வழக்கமாகத் தவறுவது நான்கு இடங்களில். குறிப்பிட்ட ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் பொதுவாகக் கேட்டுவிடுவது முதலாவது. "கணவர் இறந்த பிறகு", "வேலை போனதிலிருந்து" என்று ஒன்றை நிறுத்திக் கேட்டால்தான் விடைக்குப் பொருள் உண்டு. நல்வகை எண்ணிலிருந்து அல்வகை எண்ணைக் கழித்து ஒரே மதிப்பெண் ஆக்குவது இரண்டாவது. இரண்டும் ஒரே தராசின் இரு தட்டுகள் அல்ல, ஒரே ஆள் இரண்டிலும் உயர்ந்த எண் வாங்கலாம், உருகிப் பிரார்த்திக்கிறவரே உருகிச் சந்தேகப்படவும் செய்வார். மூன்றாவது, இத்தனைக்கு மேல் போனால் நோய் என்று கோடு போடுவது. அப்படி எந்தக் கோடும் இந்த அளவுகோலில் இல்லை. நான்காவதுதான் அதிகம் நடப்பது: அல்வகை எண் குறைவாக இருக்கிறதே என்று தாளை மடித்து வைத்துவிடுவது. கடவுள்மேல் கோபம் என்று எழுத யாருக்கும் கை வராது. அதனால் அல்வகை எண்கள் பொதுவாக அடியிலேயே தேங்கும். ஏழு கூற்றில் ஒன்றே ஒன்றுக்கு '2' போட்டிருந்தாலும் அந்தக் கூற்றைத் தொட்டுப் பேச வேண்டும்.

"கவலையை மறக்க மதத்தில் மனத்தைச் செலுத்தினேன்" என்பது நல்வகைப் பட்டியலில் இருந்தாலும் தனியாக எடுத்தால் அது தப்பித்தலாகவும் இருக்கலாம் என்பது என் கருத்து. கடன்காரன் வாசலில் நிற்கும்போது பூஜையறைக் கதவைச் சாத்திக்கொள்வதற்கும் அந்தக் கட்டத்தில் '4' விழும்.

இனி பலரும் அரைகுறையாக மேற்கோள் காட்டும் ஆய்வு. 1996-97இல் வட கரோலினாவின் டர்ஹாம் நகரில், டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் அங்குள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையிலும் உள்நோயாளியாக இருந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 596 பேரிடம் பார்கமென்ட், மனநல மருத்துவர் ஹரால்ட் கோனிக் குழுவினர் பேசினார்கள். இரண்டு ஆண்டு கழித்து யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். 2001இல் முடிவு வெளிவந்தது. வயது முதலான விவரங்களையும் உடல்நிலையையும் மனநிலையையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், தொடக்கத்தில் சமயப் போராட்டம், அதாவது மேலே சொன்ன அல்வகை எண்ணங்கள், அதிகம் இருந்தவர்கள் இறக்கும் அபாயம் கூடுதலாக இருந்தது. ஒப்பு அபாயம் (1 என்றால் வித்தியாசமே இல்லை) 1.06, 95% நம்பக இடைவெளி, அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய எல்லை, 1.01 முதல் 1.11. மூன்று எண்ணங்கள் தனியே நின்றன: கடவுள் கைவிட்டாரோ, கடவுளுக்கு என்மேல் அன்பு உண்டா, இது சாத்தான் வேலை. இந்த எண்ணங்களோடு சேர்ந்த அபாய உயர்வு 19 முதல் 28 சதவீதம்.

"கடவுளைச் சந்தேகித்தால் சாவு சீக்கிரம் வரும்" என்று இதை மாற்றி எழுதியவர்கள் உண்டு. அது கொடுமை. ஏற்கெனவே தண்டிக்கப்படுகிறேன் என்று நடுங்கிக்கொண்டிருப்பவரிடம் போய் அந்த நடுக்கத்துக்கும் தண்டனை உண்டு என்று சொல்வது அது. இந்த ஆய்வு காட்டுவது ஒரு தொடர்பு. இடைவெளியின் கீழ் எல்லை 1.01, அதாவது தொடர்பே இல்லாத நிலைக்கு மிக அருகில். பங்கேற்றவர்கள் அமெரிக்கத் தென்பகுதியின் முதியவர்கள், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். அளக்காத வேறு காரணங்கள் உள்ளே இருக்கலாம்: கைவிடப்பட்டதாக உணர்பவர் மருந்தை ஒழுங்காக எடுக்காமல் விடலாம், பார்க்க வருபவர்களைத் தவிர்க்கலாம், சபை மக்களிடமிருந்து ஒதுங்கலாம். ஆனாலும் இதன் மதிப்பு குறையவில்லை. வார்டில் ரத்த அழுத்தம் கேட்கிறோம், தூக்கம் கேட்கிறோம். இந்தக் கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை என்பதை இது வெளிச்சம்போட்டுக் காட்டியது.

2004இல் வெளிவந்த தொடர் ஆய்வுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. இரண்டு ஆண்டுக்குப் பின் மீண்டும் பேட்டி காண முடிந்த 268 பேரை எடுத்துப் பார்த்தபோது, போராட்டம் வந்து போனவர்களை விட அது விடாமல் தொடர்ந்தவர்களே உடல்நலச் சரிவின் ஆபத்தில் அதிகம் இருந்தார்கள். அடி விழுந்த நாளில் "ஏன் எனக்கு?" என்று கேட்பது இயல்பு. அந்தக் கேள்வி பேச ஆளில்லாமல் உள்ளேயே உறைந்து போவதுதான் கவலைக்குரியது. எத்தனை வாரம் என்று கோடு போட முடியாது; இரண்டு மூன்று சந்திப்புகளில் அதே வாக்கியம் அதே சொற்களில் திரும்பி வருகிறதா என்று கவனியுங்கள்.

ஒரே மருத்துவமனையின் கதையல்ல இது. 2005இல் ஜீன் அனோவும் எரின் வாஸ்கன்செல்லஸும் 49 ஆய்வுகளை, 13,512 பேரை, ஒன்றாக்கிப் பார்த்தார்கள். நல்வகைச் சமாளிப்புக்கும் நல்ல மனநிலைக்கும் தொடர்பு 0.33. அல்வகைக்கும் மனத்துயருக்கும் 0.22. நல்வகைக்கும் மனத்துயருக்கும் −0.12. அல்வகைக்கும் நல்ல மனநிலைக்கும் ஏறக்குறைய சுழியம். இரண்டையும் கழித்து ஒரே எண் ஆக்கக்கூடாது என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏன் இது இவ்வளவு ஆழமாக அடிக்கிறது? பார்கமென்ட்டும் அவருடைய சகா ஆனெட் மஹோனியும் இதற்குப் புனிதம் என்ற கருத்தை வைத்து விளக்கம் தந்தார்கள். ஒரு மனிதர் கடவுளை மட்டும் புனிதமாக வைப்பதில்லை. கல்யாணம், குழந்தை, நிலம், தொழில் எல்லாம் அந்த வட்டத்துக்குள் வரும். அப்படி வைத்த ஒன்று போய்விட்டால் அது வெறும் இழப்பு இல்லை. 2005இல் அவர்கள் குழு வெளியிட்ட ஆய்வில் புனிதமானது பறிபோனது என்ற உணர்வு மனச்சோர்வோடும், புனிதமானது களங்கப்படுத்தப்பட்டது என்ற உணர்வு கோபத்தோடும் சேர்ந்து நின்றன. மணமுறிவுக்கு வந்தவரிடம் "போனது போகட்டும்" என்று சொல்லி ஏன் வேலைக்கு ஆவதில்லை என்பதற்கு இதில் விடை இருக்கிறது. அவருக்குப் போனது ஓர் ஒப்பந்தம் மட்டுமல்ல, சாமி சாட்சியாகக் கட்டிய தாலி.

2014இல் ஜூலி எக்ஸ்லைன், பார்கமென்ட் உள்ளிட்டோர் போராட்டத்துக்கு மட்டும் தனி அளவுகோல் கொண்டுவந்தார்கள். எக்ஸ்லைன் கிளீவ்லாந்தின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மொத்தம் 26 கூற்றுகள், ஆறு வகை: கடவுளோடு போராட்டம், தீய சக்தி பற்றிய அச்சம், மத மனிதர்களோடு மனக்கசப்பு, தன் ஒழுக்கம் பற்றிய உறுத்தல், கோட்பாட்டில் சந்தேகம், வாழ்வுக்கே பொருள் இல்லை என்ற வெறுமை. இதில் ஒரு பெரிய நன்மை: கடவுளை நம்பாதவரிடமும் பயன்படும். வெறுமையும் மத மனிதர்கள் தந்த காயமும் நாத்திகருக்கும் உண்டு. நடைமுறையில் இந்தப் பிரிவினை கையில் இருந்தால் யாரை உதவிக்குக் கூப்பிடுவது என்பது தெளிவாகும். சபைத் தலைவர் அவமானப்படுத்தியதால் நொந்திருப்பவரை அதே சபைத் தலைவரிடம் அனுப்பக்கூடாது.

சரி, எப்படிக் கேட்பது? 2007இல் ஆன்மிகத்தை உள்ளடக்கிய சிகிச்சை பற்றி எழுதியபோது பார்கமென்ட் மறைமுகக் கேள்வியில் தொடங்கச் சொல்கிறார். முதல் சந்திப்பிலேயே "நீங்க எந்தச் சாமி கும்பிடுவீங்க?" என்று கேட்டால் விண்ணப்பப் படிவம் நிரப்புவதுபோல் ஆகிவிடும். "இவ்வளவு கஷ்டத்திலும் உங்களைத் தாங்கிப் பிடிப்பது எது?", "எங்கே போனால் மனசு அமைதியாகிறது?", "எதை நினைத்தால் மனசு உடைகிறது?" என்று கேளுங்கள். விடையில் கோயில், ஜெபம், பாவம், விதி என்று ஏதாவது வந்தால் அவருடைய சொல்லையே எடுத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போகலாம். அங்கே மூன்று கேள்வி போதும். இந்தப் பிரச்சினை உங்கள் நம்பிக்கையை எப்படிப் பாதித்தது? உங்கள் நம்பிக்கை எந்த விதத்தில் உதவியது? ஏதாவது விதத்தில் அதுவே பாரமாக இருக்கிறதா? மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். முதல் இரண்டுக்கும் எல்லாரும் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்வார்கள். மூன்றாவதைக் கேட்ட பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். குனிந்த தலை நிமிர நேரமாகும்.

"கடவுள் என்னைக் கைவிட்டுட்டார்" என்று ஒருவர் சொல்லும்போது உடனே "அப்படிச் சொல்லாதீங்க, அவர் யாரையும் கைவிட மாட்டார்" என்று மறுப்பது நம் எல்லாருக்கும் வாயில் வரும். அதைச் சொன்ன அடுத்த நொடியே பேச்சு நின்றுவிடும். அவர் சொன்னதையே மெதுவாகத் திருப்பிச் சொல்லி, எப்போதிலிருந்து அப்படித் தோன்றுகிறது, அதற்கு முன் கடவுளோடு உறவு எப்படி இருந்தது, இதை வேறு யாரிடமாவது சொன்னீர்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். சொன்னால் பழி வரும் என்ற பயம். கூடவே ஒன்று கேட்டே ஆக வேண்டும்: சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா? வருகிறது என்றால் மற்றதெல்லாம் அப்புறம். மனநல மருத்துவரிடம் அன்றே கொண்டு சேர்க்க வேண்டும். இந்தியாவில் டெலி-மானஸ் உதவி எண் 14416.

பார்கமென்ட்டின் மாணவர்களும் சகாக்களும் இதைச் சிகிச்சைத் திட்டங்களாகவும் ஆக்கினார்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்காக நிக்கோல் மர்ரே-ஸ்வாங்க் உருவாக்கிய எட்டு அமர்வுத் திட்டம் ஒன்று. கடவுளிடம் கோபத்தை எழுதுவதும், பிறகு அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வரும் என்று தானே எழுதிப் பார்ப்பதும் அதில் ஒரு பயிற்சி. கோபத்தை அடக்கச் சொல்லாமல் உறவுக்குள்ளேயே அதற்கு இடம் தருகிற வழி. சாமியை உரிமையோடு திட்டிப் பாடிய பக்தி மரபு உள்ள நமக்கு இது புதிதாகத் தெரியாது.

ஆமி வாக்ஹோல்ட்ஸும் பார்கமென்ட்டும் செய்த தியானச் சோதனைகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை பேட்டியோடு நிற்காமல் ஆட்களைக் குழுவாகப் பிரித்துச் செய்தவை. 2008இல் வெளியானதில் அடிக்கடி ஒற்றைத் தலைவலி வரும், தியானப் பழக்கம் இல்லாத 83 பேர். தினம் 20 நிமிடம், ஒரு மாதம். ஒரு குழு "கடவுள் அன்பு" போன்ற ஆன்மிக வாக்கியத்தை மனத்தில் வைத்தது. இன்னொன்று தன்னைப் பற்றிய "நான் நிறைவாக இருக்கிறேன்" போன்ற வாக்கியத்தை. மூன்றாவது "புல் பச்சை" என்பதுபோல் வெளிப்பொருளை. நான்காவது தசைத் தளர்வுப் பயிற்சி செய்தது. ஆன்மிக வாக்கியக் குழுவுக்குத் தலைவலி வரும் தடவை மற்றவர்களை விடக் குறைந்தது, பதற்றமும் குறைந்தது, வலி தாங்கும் சக்தி கூடியது. ஆள் எண்ணிக்கை சிறியது. நான்காகப் பிரித்தால் குழுவுக்கு இருபது பேர்தான். தலைவலி மாத்திரையைத் தூக்கிப்போட இது காரணமல்ல. ஆனால் ஏற்கெனவே நம்பிக்கை உள்ள ஒருவருக்குத் தளர்வுப் பயிற்சி சொல்லித் தரும்போது அவருக்குப் பொருளுள்ள நாமத்தையே மூச்சோடு சேர்த்துச் சொல்லச் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதற்கு இது ஆதாரம். நம்பிக்கை இல்லாதவர்மேல் அதைத் திணிக்கக்கூடாது.

நம் ஊரில் இந்த 14 கூற்றுகளையும் அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தால் இடிக்கும். சபை என்பது இந்துக் குடும்பத்தில் என்ன? சாத்தான் இருக்கிற இடத்தில் செய்வினை, கண்ணேறு, சாமிக்குத்தம் என்று மூன்று நான்கு வேறு விஷயங்கள் நிற்கின்றன. 2003இல் நளினி தாரகேஷ்வர், பார்கமென்ட், மஹோனி மூவரும் இந்துக்களுக்கென்று தனி அளவுகோலை அமெரிக்காவில் வாழும் இந்துக்களிடம் உருவாக்கிப் பார்த்தார்கள். அதில் மூன்று காரணிகள் தெரிந்தன: கடவுளை நோக்கிய சமாளிப்பு, ஆன்மிகத் தேடலை நோக்கிய சமாளிப்பு, குற்ற உணர்வும் கோபமும் செயலற்றிருத்தலும் கலந்த மூன்றாவது. முஸ்லிம்களுக்கும் யூதர்களுக்கும் இதே வழியில் அளவுகோல்கள் வந்தன. கர்மா பற்றி ஒரு எச்சரிக்கை சேர்க்க விரும்புகிறேன். "போன ஜென்மத்து வினை" என்று ஒருவர் சொன்னதும் அதை அல்வகையில் போட்டுவிடாதீர்கள். சிலருக்கு அது "இது என் தப்பில்லை, கடந்து போகும்" என்ற ஆறுதல். சிலருக்கு "நான் அனுபவித்தே தீர வேண்டும், வைத்தியம் எதற்கு" என்ற விலங்கு. அடுத்த வாக்கியம் என்ன என்று கேட்டால்தான் எது என்று தெரியும்.

கோயிலில் தங்கி மனநோய் தீர்ப்பது பற்றியும் தமிழ்நாட்டிலிருந்து ஓர் ஆய்வு உண்டு. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ரகுராம் குழுவினர் எழுதினார்கள். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை, பெரும்பாலும் மனச்சிதைவு நோய் உள்ளவர்களை, வந்தபோதும் போனபோதும் மதிப்பிட்டார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். நோய்க்குறி மதிப்பெண் ஏறக்குறைய 20% குறைந்தது. தனிச் சடங்கு எதுவும் இல்லை. காலை பூஜை, கோயிலில் சிறு வேலைகள், கூடவே குடும்பத்தார், மிரட்டாத ஒரு சூழல். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை என்பதால் கோயில்தான் குணப்படுத்தியது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சூழலின் கூறுகளைக் கவனியுங்கள். இதற்கு ஒரு வருடம் முன்புதான், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் விடுதியில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். இரண்டு இடத்துக்கும் ஆட்களைக் கொண்டுவந்தது நம்பிக்கைதான். ஓர் இடத்தில் குடும்பம் கூட இருந்தது, மற்றதில் சங்கிலி இருந்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது. குலதெய்வக் கோயிலுக்குப் போக விரும்பும் குடும்பத்தைத் தடுக்காதீர்கள். மாத்திரைப் பெட்டியும் கூடப் போகட்டும் என்று சொல்லுங்கள். நேர்த்திக்கடன் முடியும்வரை மருந்தை நிறுத்துவோம் என்ற பேச்சுக்கு மட்டும் உறுதியாக மறுப்புச் சொல்ல வேண்டும். மனச்சிதைவில் மருந்து நின்றால் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம்.

பக்திபோலத் தோன்றும் நோய் ஒன்றும் உண்டு, அதைத் தனியாக அடையாளம் காண வேண்டும். எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) சிலருக்கு மதத்தைப் பிடித்துக்கொள்ளும். தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளூவைச் சரியாகச் செய்தோமா என்று பத்து தடவை, ஜெபத்தில் ஒரு சொல் தவறியதோ என்று முதலிலிருந்து, விளக்கேற்றும்போது வந்த கெட்ட எண்ணத்துக்கு நூறு தோப்புக்கரணம். இங்கே "பரவாயில்லை, சாமி மன்னிப்பார்" என்று ஒவ்வொரு முறையும் ஆறுதல் சொன்னால் நோய் வளரும். அந்த ஆறுதல் அரைமணி நேரம்கூடத் தாங்காது, மறுபடி கேட்பார். குருக்களோ பாதிரியாரோ இமாமோ ஒரே ஒரு முறை விதியைத் தெளிவாகச் சொல்லட்டும்: ஒரு முறை போதும், திரும்பச் செய்யத் தேவையில்லை. அதன்பிறகு திரும்பச் செய்யும் உந்துதலைத் தாங்கிப் பழகும் சிகிச்சையை உளவியலாளர் நடத்தட்டும். இருவரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள நோயாளியின் சம்மதத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் சிகிச்சையாளரிடம் தாக்குப்பிடித்துவிட்டு, குருக்களிடம் போய் ஆறுதல் வாங்கிக்கொள்வார்.

சிகிச்சையாளரின் பக்கமும் இரண்டு விதமாகச் சறுக்கும். மதத்தைத் தொடவே மாட்டேன் என்று ஒதுங்குவது ஒன்று. தன் மதத்தையே மருந்தாகக் கொடுப்பது மற்றொன்று. பார்கமென்ட் இரண்டையும் மறுக்கிறார். வந்தவரின் நம்பிக்கை உலகத்துக்குள்ளேயே நின்று வேலை செய்யச் சொல்கிறார். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இதில் தடையல்ல. அவருக்குப் பாவம் என்றால் என்ன, அருள் என்றால் என்ன என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமை வேண்டும். தெரியாத சடங்கின் பெயர் வந்தால் நிறுத்திக் கேளுங்கள். அது அவர் நமக்குக் கற்றுக்கொடுக்கும் நேரம். முகம் கொஞ்சம் தெளிவதைப் பார்க்கலாம்.

பதிவுத்தாளில் எழுதும்போது "நோயாளி மத நம்பிக்கை உள்ளவர்" என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். அடுத்து பார்ப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவர் சொன்ன வாக்கியத்தை அவருடைய சொல்லிலேயே மேற்கோள் குறிக்குள் எழுதி, தேதி போடுங்கள்: "என் புள்ளைய எடுத்துக்கிட்ட சாமிக்கு இனி விளக்கு வைக்க மாட்டேன்." மூன்று மாதம் கழித்து அதே கேள்வியைக் கேட்டு, வாக்கியம் அப்படியே இருக்கிறதா, "விளக்கு வைக்கிறேன், ஆனா பேச மாட்டேன்" என்று மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த மாற்றத்தை எந்த மதிப்பெண்ணும் காட்டாது.